ஜெபாவின் கையில் கட்டிய நம்பர்

சோழவரம்
24.11.2024

அன்புள்ள மெர்சிக்கு,

ஸ்தோத்திரம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். கை நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது, இந்த எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஜெபாவுக்குச் சளி விட்டதா?

இந்தக் குடிநோயாளர் இல்லத்துக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. ஆறு மாதத்துக்குப் போன் கிடையாது. வந்த அன்றே என் போனை அணைத்து, துணிப்பையில் போட்டு, பெயர் எழுதி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிட்டார்கள். லெட்டர் எழுதலாம். அதையும் கவுன்சிலர் ரகு சார் படித்துவிட்டுத்தான் அனுப்புவார், வருவதையும் அப்படித்தான். ஆகவே என்னைத் திட்டுவதாக இருந்தால் அவரும் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு திட்டு. பத்தாம் வகுப்பில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன்.

நேற்று வட்டமாக உட்காரவைத்து ரகு சார் ஒரு கேள்வி கேட்டார். "குடிச்சதால நீங்க செய்யாம விட்டது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க." ஆளுக்கு ஆள் நிலம், நகை, வேலை என்றார்கள். நான் காணும் பொங்கல் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வருடமாக ஜெபாவை பீச்சுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி ஏமாற்றியதைச் சொன்னேன். இந்த வருடம் நானும் அவளும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரைக்கும் போனோமே. "இங்கியே உக்காரும்மா, அப்பா டிக்கெட் எடுத்துகினு வந்துடறேன்" என்று பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போனவன்தான். நீ ஷிப்ட் முடிந்து போய்ப் பார்த்தபோதும் அந்த மஞ்சள் கவுனோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். அதைச் சொன்னதும் யாரும் சிரிக்கவில்லை.

வருகிற காணும் பொங்கலுக்கு நீ கூட்டிப்போ மெர்சி. போய்வந்து ஒன்று விடாமல் எழுது. அதைப் படிப்பதற்காகவாவது நான் இங்கே இருப்பேன்.

ஜெபாவுக்கு என் முத்தம்.

உன்,
ஸ்டீபன்


கும்மிடிப்பூண்டி
8.12.2024

அன்புள்ள ஜெபா அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் பிள்ளையும் சுகம். முதுகுவலி அப்படியேதான். பேக்கிங் செக்ஷனில் நின்றுகொண்டே எட்டு மணி நேரம் அட்டைப்பெட்டி ஒட்டினால் முதுகு என்ன பாட்டா பாடும்? நீங்கள் மூன்று வேளை சாப்பிடுவதாக எழுதியதைப் படித்து வயிறு எரிந்தது. இங்கே இருந்தவரை ஒரு வேளை சோற்றைக்கூட முழுதாகச் சாப்பிட்டதில்லை.

நீங்கள் கொடுத்த வாக்கை நான் நிறைவேற்ற வேண்டும், நீங்கள் உட்கார்ந்த இடத்தில் படிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. இருந்தாலும் போகிறேன், பிள்ளைக்காக. கான்ட்ராக்டர் லீவு தரமாட்டேன் என்றான். "தராட்டி போ, நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். என்னோடு பெட்டி ஒட்டுகிற கங்கம்மா அக்காவும் வருகிறாள். அவள் வந்தால் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

ஜெபாவிடம் நீங்கள் வெளியூர் கம்பெனியில் வேலை செய்வதாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஏன் போன் பண்ணவில்லை என்று பிய்த்து எடுத்தாள். "அங்க வேலை நாள்ல போன் குடுக்க மாட்டாங்க, லீவு நாள்லதான் குடுப்பாங்க" என்று ஒரு பொய் சொல்லிவைத்தேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

ரகு சார் போன வாரம் என்னைப் போனில் கூப்பிட்டார். "நல்லதா மட்டும் எழுதுங்கம்மா. வீட்ல இருந்து ஒரே ஒரு கெட்ட சேதி வந்தா போதும், ஆளு சுவரேறிக் குதிச்சு நேரா கடைக்குத்தான் போவாரு" என்றார். சரி என்றேன். ஒன்று மட்டும் இந்த லெட்டரிலேயே சொல்லிவிடுகிறேன், ரகு சாரும் படிக்கட்டும். ஆறு மாதமும் முழுதாக இருந்து முடித்தால் வீட்டுக்கு வாருங்கள். பாதியில் ஓடிவந்தால் கதவு திறக்காது.

மருந்து வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
மெர்சி


கும்மிடிப்பூண்டி
29.12.2024

அன்புள்ள ஜெபா அப்பாவுக்கு,

கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துதல்கள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்குக் கேக் கொடுத்தார்களா?

பீச்சுக்கு முன்னால் ஒரு ஒத்திகை என்று நேற்று மூன்று பேரும் மெட்ராஸ் பார்க்கக் கிளம்பிவிட்டோம். காலை நாஷ்டாவை டப்பாவில் கட்டிக்கொண்டு ஏழரை வண்டி. மீஞ்சூர் தாண்டும்போதே கங்கம்மா அக்கா டப்பாவைத் திறந்துவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த ஆள் வாயைப் பார்க்க, அவருக்கும் இரண்டு இட்லி. எண்ணூர் வருவதற்குள் அவர் குடும்பக் கதை முழுவதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சென்ட்ரலில் மெட்ரோவுக்கு இறங்குகிற இடத்தில்தான் கூத்து. நகரும் படிக்கட்டைப் பார்த்து அக்கா நின்றுவிட்டாள். "இன்னாடி மெர்சி இது, நவுந்துகினே கீது? கால எங்க வெக்கறது?" பின்னால் ஐம்பது பேர். ஜெபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடிக்கோ பெரிம்மா, ஒண்ணு ரெண்டு மூணு!" என்று இழுத்துவிட்டாள். அக்கா வந்துசேர்ந்தாள், அவளுடைய ஒரு செருப்பு மேலேயே நின்றுவிட்டது. மறுபடி மேலே போய் எடுத்துக்கொண்டு இறங்குவதற்கு அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு காலேஜ் பையன் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தான். அவனுக்கு அங்கேயே பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

எழும்பூர் மியூசியத்தில் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே ஜெபா அரைமணி நேரம் நின்றாள். பிறகு ஐஸ்கிரீம், பிறகு கால்வலி, பிறகு வீடு.

கிறிஸ்துமஸுக்கு அப்பா ஏன் பேசவில்லை என்று கேட்டாள். அங்கே பொங்கலுக்குத்தான் லீவு என்று சொல்லிச் சமாளித்தேன். கீழே அவளே எழுதுகிறாள்.

இப்படிக்கு,
மெர்சி

அப்பா நான் திமிங்கலம் பார்த்தேன். எலும்பு மட்டும்தான் இருந்தது. சதை எங்கே போச்சு என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா. பொங்கலுக்கு நீங்கள் போன் பண்ணுவீங்க. ஜெபா, மூன்றாம் வகுப்பு அ பிரிவு.


சோழவரம்
9.1.2025

அன்புள்ள மெர்சிக்கும் ஜெபா குட்டிக்கும்,

நலம். நீங்கள் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

செருப்புக் கதையை இங்கே நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில் ஜோஷ்வா புரையேறிச் சிரித்தான். அவன் ஊர்க்காவல் படையில் இருந்தவன், காணும் பொங்கலுக்கு மெரினாவில் இரண்டு வருடம் டூட்டி பார்த்திருக்கிறான். அங்கே கும்பலில் டஜன் கணக்கில் பிள்ளைகள் காணாமல் போகுமாம், அதனால் போலீஸே பிள்ளைகள் கையில் பேரும் போன் நம்பரும் எழுதிய பட்டை கட்டுவார்களாம்.

அதைக் கேட்டதும் ஒன்று உறைத்தது. ஜெபாவுக்கு என் நம்பர்தான் தெரியும். நாலு வயதில் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தேன். நீ ஆறு மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவள், உன் நம்பர் அவளுக்குத் தெரியாது. போவதற்கு முன்னால் உன் நம்பரை மனப்பாடம் செய்யவை. மறந்துவிடாதே.

ஜெபாம்மா, சதையை மீன்கள் சாப்பிட்டுவிட்டன.

அன்புடன்,
ஸ்டீபன்


கும்மிடிப்பூண்டி
19.1.2025

அன்புள்ள ஜெபா அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். இந்த மாதம் உங்கள் லெட்டர் இன்னும் வரவில்லை, பொங்கல் லீவில் தபால்காரரும் கரும்பு தின்னப் போய்விட்டார் போல.

காணும் பொங்கல் போய்வந்தோம். நீங்கள் கேட்டபடி ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. பிள்ளைக்கு அதே மஞ்சள் கவுன். முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, இருந்தாலும் அதைத்தான் போடுவேன் என்று அடம். அக்கா ஐந்து பேர் சாப்பிடுகிற புளிசாதம் கட்டியிருந்தாள். அது அவள் மடியில், அவள் யார் மடியிலோ. பஸ்ஸிலிருந்து இறங்கினால் மணல் தெரியவில்லை, தலைதான் தெரிகிறது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் "நைனா, நைனா" என்று யாரையோ தேடிக்கொண்டு எங்களை இடித்துக்கொண்டு ஓடியது.

மணலுக்குள் நுழைகிற இடத்தில் போலீஸ்கார அம்மா பிள்ளைகள் கையில் பட்டை கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்தது. "பேர் இன்னா, நம்பர் சொல்லுங்க" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் மகள் பாட்டாகப் பாடிவிட்டாள், பத்து எண்ணையும். "இது எங்கப்பா நம்பர். இன்னிக்கு அவருக்கு லீவு" என்று வேறு சொன்னாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே எழுதிக் கட்டிவிட்டாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு குதிரை. ஜெபா ஏறமாட்டேன் என்றாள். "நான் ஏறிக் காட்டறேன் பாரு" என்று அக்கா ஏறினாள். குதிரைக்காரன் இழுக்கிறான், தட்டுகிறான், கெஞ்சுகிறான், குதிரை ஓர் அடி நகரவில்லை. "அம்மா, நீங்க எறங்கினாத்தான் இது உசுரோட இருக்கும்" என்றான். சுற்றி நின்ற கும்பலே சிரித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று.

பிறகு சுண்டல் சாப்பிட்டோம். மணலில் வீடு கட்டினோம், ஜெபா உங்களுக்கு ஒரு அறை வைத்தாள். கடலில் முழங்கால் வரை நனைத்தாள். அலை வந்ததும் ஓடினாள், போனதும் துரத்தினாள். பலூன் சுட்டாள். சந்தோஷமாக இருந்தாள். மிகவும் சந்தோஷமாக இருந்தாள். இருட்டுவதற்குள் வண்டி பிடித்து வந்துவிட்டோம்.

ஜெபா தூங்குகிறாள், அதனால் எழுதவில்லை.

இப்படிக்கு,
மெர்சி


சோழவரம்
2.2.2025

அன்புள்ள மெர்சிக்கு,

நல்ல சுகம். மூன்று மாதம் முடியப்போகிறது. நீயும் பிள்ளையும் நலம்தானே?

உன் லெட்டரைப் பதினொரு தடவை படித்தேன். கூட்டத்தில் எழுந்து நின்று உரக்கவும் படித்தேன். குதிரை வந்ததும் கூரை பறக்கிற சிரிப்பு. என் நம்பர் ஜெபா கையில் கட்டியிருந்தது என்கிற இடத்தை மட்டும் ஜோஷ்வாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். என்னை நம்பி ஒரு இடத்தில் என் நம்பரை எழுதியிருக்கிறார்கள் மெர்சி. வேலை போனபிறகு அது எங்கேயும் நடக்கவில்லை.

அதற்குள் என் லெட்டர் வந்து சேரவில்லை போலிருக்கிறது. போகட்டும், ஆண்டவர் காப்பாற்றினார், ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பட்டை இருந்தால் பத்திரமாக எடுத்துவை.

ஜோஷ்வா ஒன்று சொன்னான். காணும் பொங்கலன்று கடலுக்குப் பக்கத்தில் விடமாட்டார்களாம். சவுக்குக்கட்டை கட்டி ஆள் நிறுத்தியிருப்பார்களாம். "உன் பொண்ணு எப்படிடா காலை நனைச்சுது?" என்றான். என் மகள் போலீஸை ஏமாற்றி உள்ளே போயிருப்பாள் என்று பெருமையடித்தேன். எப்படிப் போனாள்? எழுது. ஜெபாவையும் இரண்டு வரி எழுதச் சொல்.

அன்புடன்,
ஸ்டீபன்


கும்மிடிப்பூண்டி
2.3.2025

அன்புள்ள ஜெபா அப்பாவுக்கு,

சுகம். சுகம் அறிய ஆவல்.

லெட்டர் போட நேரமில்லை. இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன். ஓர் ஓரத்தில் கட்டை இல்லாமல் இருந்தது, அந்த வழியாகப் போனோம். பட்டையை எங்கேயோ வைத்துவிட்டேன். ஜெபாவுக்குப் பரீட்சை வருகிறது, அதனால் எழுதவில்லை.

ஒரு உதவி. ஸ்கூலில் ஜெபா விவரத்தைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிறார்கள். சேர்க்கும்போது கொடுத்தது உங்கள் நம்பர், அதற்குத்தான் ஓடிபி வருமாம். வருகிற சனிக்கிழமை பதினோரு மணிக்கு ரகு சாரிடம் சொல்லிப் போனை ஐந்து நிமிடம் போட்டு, வருகிற எண்ணை அவர் போனிலிருந்து டீச்சருக்குச் சொல்லவும். டீச்சர் நம்பரை ரகு சாருக்குக் கொடுத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

மெர்சி


சோழவரம்
8.3.2025

அன்புள்ள மெர்சிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று ஓடிபி சொன்னேன். ஆறு எண். இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "ஸ்டீபன் சாரா, ஜெபா அப்பாவா?" என்று டீச்சர் கேட்டார்கள். "ஆமாம்மா" என்றேன். பிள்ளைக்காக நான் செய்த முதல் வேலை இதுவாகத்தான் இருக்கும்.

போன் போட்டதும் நாலு மாத மெசேஜும் கொட்டியது. போன் அணைந்திருந்தபோது யார் கூப்பிட்டார்கள் என்று கம்பெனிக்காரன் அனுப்புகிற மெசேஜும் இருந்தது. ஜனவரி பதினாறு, ஒரே மெட்ராஸ் நம்பர், பதினாலு கால். முதல் கால் மதியம் மூன்று இருபது. கடைசி கால் ஏழு ஐந்து.

ஜனவரி பதினாறு காணும் பொங்கல்.

ரகு சார் போனை வாங்கிக்கொண்டார். "என்ன ஸ்டீபன், முகம் வெளுத்துருச்சு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

மெர்சி, அது யார் நம்பர்?

ஸ்டீபன்


சோழவரம்
30.3.2025

மெர்சிக்கு,

மூன்று வாரம் ஆகிறது. நலமா? ஜெபா நலமா? அதை மட்டுமாவது எழுது. நேற்று சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஏறவில்லை. நீ எழுதுவாய் என்றுதான் ஏறவில்லை.

ஸ்டீபன்


கும்மிடிப்பூண்டி
13.4.2025, குருத்தோலை ஞாயிறு

ரகு சார், இதை முதலில் நீங்கள்தான் படிப்பீர்கள். தயவுசெய்து கிழித்துவிடாதீர்கள். நல்லதாக மட்டும் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

ஸ்டீபனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஜெபாவுக்கு உடம்பில் ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குதிரை வரைக்கும் நான் எழுதியது அத்தனையும் உண்மை. அதற்குப் பிறகு எழுதிய எதுவும் நடக்கவில்லை. சுண்டல் இல்லை, மணல்வீடு இல்லை, கடலை அவள் தூரத்திலிருந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வயிற்றைப் பிடிப்பதற்காக அவள் கையை விட்டேன். சிரித்து முடித்துக் கையை நீட்டினால் பிள்ளை இல்லை. முழங்காலில் விழுந்து கும்பலின் கால்களுக்கு நடுவே தேடினேன். மஞ்சளாக எது தெரிந்தாலும் ஓடினேன். அக்கா ஒவ்வொரு சாமி பேராகச் சொல்லி வேண்டிக்கொண்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்குக் கடல் பயம். அதனால் தண்ணீர் ஓரத்துக் கட்டைகளைப் பிடித்துக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தேன். அவள் அந்தப் பக்கமே வரவில்லை. பட்டை கட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, போலீஸ் பந்தலில் உட்கார்ந்திருந்தாள். அங்கே போய்க் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பட்டையில் இருப்பது பூட்டிவைத்த போன் நம்பர் என்பது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. போலீஸ்கார அம்மா அதை எழுதும்போதே எனக்குத் தெரியும். "அந்த நம்பர் வேணாம்மா, என் நம்பர் எழுதுங்க" என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜெபா முகத்தைப் பார்த்தேன், சொல்ல மனசு வரவில்லை. ஒரு மத்தியானம்தானே, என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். பாவி நான்.

அவள் ஏன் போனாள் தெரியுமா? நீங்கள் வேலை செய்த மில்லின் சட்டை, அந்த நீலச் சட்டை, முதுகில் எழுத்து போட்டது. அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் நடந்து போயிருக்கிறான். அப்பா லீவில் வந்துவிட்டார் என்று பின்னாலேயே போயிருக்கிறாள்.

ஏழு மணி சுமாருக்கு மைக்கில் கேட்டது. "கும்மிடிப்பூண்டி ஸ்டீபன், கும்மிடிப்பூண்டி ஸ்டீபன், எங்கிருந்தாலும் போலீஸ் பந்தலுக்கு வரவும்." மத்தியானத்திலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம், நான் அலைந்த கோடிக்குக் கேட்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பைத்தியக்காரி.

பந்தலில் நுழைந்ததும் அந்தப் போலீஸ்கார அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா நீங்கல்லாம்? செல்ல ஆஃப் பண்ணிட்டு பீச்சுக்கு வர்றீங்க! அம்மா நம்பர் சொல்லுன்னா தெரியாதுங்குது. எங்கப்பா எடுப்பாரு, இன்னிக்கு லீவு, இன்னொரு வாட்டி போடுங்க ஆன்ட்டின்னு எத்தினி வாட்டி போட வெச்சுது தெரியுமா?"

அந்தப் பதினாலு காலும் அவள் கேட்டுப் போட்டது.

ஜெபா என்னைப் பார்த்து அழவில்லை, ஓடிவரவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். "அப்பா வரலியா?" என்றாள். அவ்வளவுதான். ரயிலில் பட்டையைப் பல்லால் கடித்து அறுத்து ஜன்னல் வழியாக எறிந்தாள். அன்றிலிருந்து உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. லெட்டரில் எழுதச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள். இரண்டு முறை பள்ளிக்கூடம் விட்டதும் நான் வர ஐந்து நிமிடம் தாமதமானது. பாவாடையிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டாள்.

என் நம்பர் இப்போது அவளுக்குத் தெரியும். இனி நான் சிம் மாற்றமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து மறைத்து எனக்கு நெஞ்சு புண்ணாகிவிட்டது. ஸ்கூலில் சரிபார்க்கவில்லை. நம்பர் மாற்றத்தான் ஓடிபி கேட்டார்கள். பழைய நம்பருக்கு வருகிற எண்ணைச் சொன்னால்தான் பழைய நம்பரை எடுக்க முடியுமாம். நீங்கள் இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதனால்தான் பதில் போடவில்லை.

ஆறு மாதம் முடித்தால் வாருங்கள் என்று நான்தான் எழுதினேன். நீங்கள் முடித்துவிடுவீர்கள் என்று தெரிகிறது. என் வார்த்தையை நான் மீறுகிறேன். வராதீர்கள். நீங்கள் குடித்ததை நான் பொறுத்துக்கொண்டேன், இன்னும்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நீங்கள் வந்தால் அவள் மறுபடி காத்திருக்க ஆரம்பித்துவிடுவாள். என்றைக்காவது ஒருநாள் நீங்கள் நேரத்துக்கு வராமல் போனால், அந்தப் பிள்ளையை மறுபடி தேடி எடுக்க என்னிடம் தெம்பில்லை.

சுவர் ஏறாமல் இருந்ததற்கு நன்றி. இனிமேலும் ஏறாதீர்கள். அதை என்னால் கேட்க மட்டும்தான் முடியும்.

மெர்சி


திருநின்றவூர்
18.5.2025

மெர்சிக்கு,

ஸ்தோத்திரம். உன் முதுகுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஜெபா நான்காம் வகுப்பு போகிறாள், என் வாழ்த்தைச் சொல்ல வேண்டாம், உன் வாழ்த்தாகவே சொல்.

ஆறு மாதம் முடிந்து பத்து நாள் முன்னால் வெளியே வந்தேன். ரகு சார் உன் லெட்டரைக் கிழிக்கவில்லை, நான் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கும்மிடிப்பூண்டிக்கு வரவில்லை. என்னோடு மில்லில் இருந்த குணாவின் அறையில் இங்கே தங்கியிருக்கிறேன். ஒரு பிளாட்டில் வாட்ச்மேன் வேலை. குடிக்கவில்லை.

நேற்று நானும் பீச்சுக்குப் போய்வந்தேன். உன்னைப் போலச் சிரிப்பாக எழுத எனக்கு வராது. ஆனாலும் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

சென்ட்ரலில் நகரும் படிக்கட்டைப் பார்த்ததும் கங்கம்மா அக்கா ஞாபகம் வந்தது. தனியாகச் சிரித்தேன், ஒருவர் திரும்பிப் பார்த்தார். மெரினாவில் வெயில். கும்பல் இல்லை. குதிரை நின்றது. அந்தக் குதிரைதானா என்று தெரியவில்லை, இதுவும் நகரவில்லை. போலீஸ் பந்தல் எங்கே இருந்தது என்று சுண்டல் விற்கிற பெண்ணிடம் கேட்டேன். "அது காணும் பொங்கலுக்கு மட்டுந்தான் போடுவாங்கண்ணா. தோ, அந்தக் கம்பத்தாண்ட" என்று கை காட்டினாள்.

மூன்று இருபதுக்கு அந்த இடத்தில் உட்கார்ந்தேன். போனை முழுதாகச் சார்ஜ் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கையில் வைத்துக்கொண்டேன். நாலு மணிக்குள்ளேயே இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தேன். எதிரே பிள்ளைகள் அலையில் ஓடிக்கொண்டிருந்தார்கள், கட்டை இல்லை, யாரும் தடுக்கவில்லை. நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. அவசரத்தில் மணலில் போட்டுவிட்டு, துடைத்து எடுத்துக் காதில் வைத்தேன். "லோன் வேணுமா சார்?" என்று ஒரு பெண். வேண்டாம்மா என்றேன். ஐந்து மணிக்குத் தாகம். தண்ணீர் வாங்கப் போனால் இடத்தை விட்டுப் போக வேண்டும், போகவில்லை. ஆறு மணிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, கடைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று உடம்பு முழுவதும் சொன்னது. உட்கார்ந்தே இருந்தேன். இருட்டியது. விளக்குப் போட்டார்கள். போகிறவர்கள் எல்லோரும் யாரோ ஒருவரோடு போனார்கள்.

ஏழு ஐந்துக்கு எழுந்தேன். கால் மரத்து நிற்க முடியவில்லை, சுண்டல்காரப் பெண்தான் பிடித்துக்கொண்டாள். "யாருக்கோசரம்ணா இம்மா நேரம் குந்திகினு இருந்த?" என்று கேட்டாள்.

மூன்றே முக்கால் மணி நேரம் மெர்சி. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே உட்கார்ந்த எனக்கே தாங்கவில்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. அவளுக்கு எட்டு.

நீ செய்தது சரி.

ஸ்டீபன்